37-ஆவது படத்துக்கு ஓர் இடம்

பெருநகர சென்னை மாநகராட்சிக்கும், வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை நடத்திவரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ மாநகராட்சியின் சமுதாய நலக்கூடம் ஒன்றை வருகிற ஆடி மாதம் முழுவதும் ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு ஒதுக்கித் தருமாறு கேட்டு இதை எழுதுகிறேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. மண்டபங்களில் பெரும்பாலான நாட்கள் பூட்டுத்தான் தொங்கும். ஆகவே யாருடைய கல்யாணத்தையும் தள்ளிவைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கல்யாணம் நடக்கும் கூடமே வேண்டும் என்பதற்கும் ஆடியே வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. அது படங்களை எடுத்தவரின் தொழிலோடு பிணைந்த காரணம் என்பதால் முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காலத்தில் இருந்த ஸ்டூடியோ ஒன்றில், எழுபதுகளின் கடைசியில் உதவியாளராகச் சேர்ந்து, டிஜிட்டல் வந்து அது மூடப்படும்வரை வேலை பார்த்தவர் அவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் ஸ்டூடியோக்காரர். பள்ளிக்கூட குரூப் போட்டோ, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கடைசியில் மாலை போட்டு நடுவீட்டில் மாட்டும் படம் என்று ஒரு குடும்பத்தின் எல்லா நாளுக்கும் அவர்தான் கேமராவோடு வந்து நிற்பார். அவர் தெருக்களையும் எடுத்துவைத்திருக்கிறார் என்பது அண்மைக்காலம்வரை அவர் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் எடுத்த விதத்தை நீங்கள் அறிய வேண்டும். ஒரு பிலிம் ரோலில் 36 படம். முதலாளியின் கணக்கும் 36தான். ரோலைக் கேமராவில் பூட்டும்போது நிழலில் நின்று, பிலிமின் முனையை வீணாக்காமல் பல்சக்கரத்தில் மாட்டி மூடினால் 37-ஆவது படம் கிடைக்கும். கை பழகியவருக்கு 38-ம் கிடைக்கும். அந்த உபரி முதலாளியின் ஏட்டில் ஏறாது. கல்யாண வேலை முடிந்து, பந்தியில் சாப்பிட்டுவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு நடந்து திரும்பும் வழியில் அந்த ஒன்றிரண்டு படங்களைத் தெருவில் எடுத்தார். பெண் வீட்டார் செலவுக்கு அஞ்சி முப்பது படம் போதும் என்று சொன்ன நாட்களில் மிச்சம் இன்னும் நாலைந்து கூடும். அந்த மிச்சத்துக்கு மட்டும் பிரிண்ட் போடும் காசை முதலாளி அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். ஆகவே பெரும்பாலானவற்றை அவர் பிரிண்ட் போட்டதே இல்லை. கழுவிய நெகட்டிவோடு நிறுத்திக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படி எடுத்தவை புடவைப் பெட்டிகளிலும் பிஸ்கட் டின்களிலும் பரண்மேல் கிடந்தன.

அதனால் அவருடைய படங்களுக்கு ஒரு தனி வெளிச்சம் உண்டு. ஒன்று, முகூர்த்தம் முடிந்த முற்பகல் வெயில். நிழல் காலடியில் சுருங்கியிருக்கும். இல்லையென்றால் வரவேற்பு முடிந்த இரவு. டீக்கடையின் டியூப்லைட்டும் பெட்டிக்கடையின் குண்டு பல்பும்தான் துணை. அவர் விடியற்காலையில் எதையும் எடுக்கவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் அவர் கேமரா தெருவுக்கே வரவில்லை. அம்மன் கோயில் இல்லாத தெரு அரிது என்னும் எங்கள் பகுதியில், கூழ் ஊற்றும் படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கல்யாண மாதங்களின் வட சென்னை அது. வேறு எந்தப் புகைப்படக்காரரிடமும் இப்படி ஒரு நாட்காட்டியை நான் பார்த்ததில்லை.

இந்தப் படங்களில் ஏறத்தாழ நாற்பதைத் தேர்ந்தெடுத்து, நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு தனியார் காட்சிக்கூடத்தில் ஒரு வாரம் வைத்தார்கள். முன்னின்று நடத்தியவர்கள் இளைஞர்கள். கைக்காசைப் போட்டுச் செய்தார்கள். பிரிண்டுகள் மிக நேர்த்தி. ஸ்டூடியோக்காரர் தன் படங்களை அந்த அளவில் அதற்குமுன் பார்த்ததில்லை; ஒவ்வொன்றின் எதிரிலும் நின்று ஓரங்களைத்தான் முதலில் பார்த்தார், மையத்தை அப்புறம் பார்த்தார். அவர்களுக்கு என் நன்றியில் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் ஒருவரும் அங்கே வரவில்லை. வந்திருந்தாலும் வாசலில் நிற்கும் காவலாளி எங்கே போக வேண்டும் என்று கேட்டிருப்பார். என்னோடு வந்த அக்காவிடம் அதைத்தான் கேட்டார்.

அந்த அக்கா காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்பவர். கூடத்தின் வலப்பக்கச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கல்படியில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் துணி போட்டு மூடிய அன்னக்கூடை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி தெருவின் மறுகோடியைப் பார்க்கிறார். கீழே ஒட்டியிருந்த அட்டையில் ‘மீன்காரப் பெண், வட சென்னை, 1980-கள்’ என்று இருந்தது. அக்கா படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: “இது என் மாமியார். வியாபாரத்துக்குப் போகிற கோலமா இது? கட்டியிருப்பது பட்டு, கரையைப் பாருங்கள். கூடையில் இருப்பது கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிய பித்தளைப் பாத்திரம். திருப்பிக் கொடுக்கப் போகிறவர், கால் வலித்து உட்கார்ந்திருக்கிறார்.”

கறுப்பு வெள்ளையில் பட்டு தெரியவில்லை. அக்கா சொன்ன பிறகு எனக்கும் தெரிந்தது. இஸ்திரி மடிப்பு கலையாத கொசுவம். காதுக்குப் பின்னால் கதம்பத்தின் நுனி. ஈரமோ செதிலோ இல்லாத கூடை. எல்லாம் படத்திலேயே இருந்தன. பார்க்கத் தெரிந்தவர் வந்து நிற்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே ஸ்டூடியோக்காரர் வீட்டுக்குப் போய் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்தோம். ஸ்டூடியோ வழக்கப்படி ஆறாறு படமாக வெட்டிப் பட்டர் பேப்பர் உறையில் போட்டிருந்தார். படியில் உட்கார்ந்த பெண் அந்தத் துண்டின் கடைசிப் படம். அதற்கு முந்திய படத்தில் ஒரு மணப்பெண் அம்மி மிதிக்கிறாள். அவளுக்குப் பின்னால், ஆரத்தித் தட்டோடு, அதே பட்டில், அதே பெண். அக்காவுக்கு மணப்பெண் யார் என்று பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. மாமியாரின் தங்கை மகள், இப்போது கத்திவாக்கத்தில் இருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு ஆல்பத்தைத் திறந்தோம். முதல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை ஒட்டிவைத்திருந்தார்கள். 1983, ஆவணி. நாள், நேரம், மண்டபம், தெருப் பெயர் எல்லாம் அச்சில் இருந்தன. ‘1980-கள்’ என்ற அட்டைக்குப் பதில் இப்போது எங்களிடம் ஒரு நாள் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெண் எங்கிருந்து கிளம்பி எந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பது இருக்கிறது.

நான் உங்களிடம் சொல்ல வந்தது முழுவதும் இதில் அடங்கும். இவருடைய ஒவ்வொரு தெருப்படமும் ஏதோ ஒரு கல்யாணத்தோடு ஒரே பிலிமில் ஒட்டிப் பிறந்தது. தெருவின் பாதி அவர் பரணில் இருக்கிறது. கல்யாணத்தின் பாதி, தேதியோடும் பெயரோடும், கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும் வீட்டு பீரோக்களில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இருபது ஆண்டுகளின் வட சென்னைத் தெருக்களை நாள்வாரியாக அறிய முடியும். அந்த பீரோக்கள் தெற்கே உள்ள காட்சிக்கூடத்துக்கு நடந்து போகா. படங்கள்தான் இங்கே வர வேண்டும்.

இன்னொரு படத்தைச் சொல்கிறேன். புளியந்தோப்பு, பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் வாயில். நாங்கள் பின்னி மில் என்போம். பகல் ஷிப்டுக்கு உள்ளே போகும் சைக்கிள்கள். வரிசையாகப் பதினைந்து இருபது பேர். எல்லோருடைய ஹேண்டில்பாரிலும் ஒரே மாதிரியான துணிப்பை, அடியில் தேங்காயின் உருட்சி. தாம்பூலப் பை. சக தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் காலையில் போய்விட்டு, ஷிப்டைத் தவறவிடாமல் நேராக வேலைக்கு வந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு பையில் மணமக்கள் பெயரின் பாதி தெரிகிறது. தேதியில் நாளும் மாதமும் தெரிகின்றன. ஆண்டு துணி மடிப்பில் மறைந்துவிட்டது. 1918-இல் இந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அதைப் படிக்கிறோம். ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த வரலாற்றைப் பற்றிய புத்தகங்களில் தலைவர்களின் மார்பளவுப் படங்கள் இருக்கின்றன. தேங்காய்ப் பையோடு சைக்கிள் மிதிக்கும் தொழிலாளியின் படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்த வரிசையில் உள்ளவர்களில் சிலராவது இன்றும் இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் நிச்சயம் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் வீட்டில் அந்தப் பை அரிசி கட்டிவைக்கப் பயன்பட்டு இன்னும் கிழியாமல் இருக்கலாம்.

வட சென்னையைப் படம் பிடிக்க ஆள் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள். நகரத்தின் எல்லாப் பக்கமிருந்தும் கேமராக்கள் வந்து நிற்கும். ஏலம் கூவுகிறவரின் திறந்த வாய், ஐஸ் பெட்டி தூக்குகிறவரின் தோள், கிழவியின் முகச் சுருக்கம். எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், எடுக்கப்பட்டவருக்கு அந்தப் படம் ஒருபோதும் வந்து சேர்வதில்லை. செய்தித்தாள்களுக்கு நாங்கள் வெள்ளத்திலும் விபத்திலும் மட்டும் தென்படுகிறோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கறுத்துப்போன கைகளின் படங்கள் நாடெங்கும் போயின. அவை அவசியமான படங்கள். அவை இல்லாவிட்டால் மீனவர்கள் இழப்பீடு கேட்கும்போது காட்ட எதுவும் இருந்திருக்காது. ஆனால் அந்தக் கைகள் அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தன, யாருக்குப் பாத்திரம் இரவல் கொடுத்தன, எந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறின என்பதைச் சொல்லும் படம் வேண்டாமா? ஸ்டூடியோக்காரர் யாரையும் தேடி வந்தவர் இல்லை. அதே தெருவில் சாப்பிட்டுவிட்டு அதே தெருவில் நடந்தவர். எதிரே வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். பாதிப் படங்களில் அவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தெருப் புகைப்படம் என்றால் எடுக்கப்படுகிறவருக்குத் தெரியக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் காட்டும் முகம் வேறு எவருக்கும் கிடைக்காது.

அரசு எதற்கு இதில் கை வைக்க வேண்டும் என்று உங்களில் யாராவது கேட்கலாம். புகைப்படத்துக்கும் சென்னையில் ஆண்ட அரசுக்கும் உறவு மிகப் பழையது. 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைச் சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராகவே நியமித்தார்கள். மதுரையும் தஞ்சாவூரும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தன என்று இன்று நாம் கண்ணால் பார்க்க முடிவது அவர் எடுத்த படங்களால். அதே 1856-இல்தான் ராயபுரம் ரயில் நிலையமும் திறக்கப்பட்டது. பிரான்சில் எழேன் அட்ஜே என்பவர் பாரிஸின் பழைய தெருக்களையும் கடைவாசல்களையும் தள்ளுவண்டிக்காரர்களையும் ஆண்டுக்கணக்கில் எடுத்தார். ஓவியர்கள் பார்த்து வரைவதற்கான படம் விற்பவர் என்ற அளவில்தான் ஊர் அவரை அறிந்திருந்தது. 1920-இல் அந்நாட்டு அரசு அவருடைய 2,600-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை 10,000 பிராங்க் கொடுத்து வாங்கிப் பத்திரப்படுத்தியது. அவர் இறந்தது 1927-இல். உயிரோடு இருக்கும்போதே வாங்கினார்கள், விலை கொடுத்து வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. சிகாகோவில் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்த விவியன் மையர், ஓய்வு நேரத்தில் தெருக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். வாடகை கட்டாததால் அவருடைய பெட்டிகள் 2007-இல் ஏலத்துக்குப் போயின; யார் யாரோ வாங்கினார்கள். 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவரைக் கொண்டாடியது. இந்தப் படம் எந்தத் தெரு, இந்தக் குழந்தை யார் என்று கேட்க இன்று அவர் இல்லை. எங்கள் ஸ்டூடியோக்காரர் எழுபதைக் கடந்துவிட்டார். கண்ணில் புரை எடுத்தாயிற்று. ஆனால் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும் அந்தச் சின்னக் கட்டத்திலேயே முகத்தை அடையாளம் கண்டு, இது மணியக்காரர் சத்திரத்துப் பக்கம், இது பழைய யானைகவுனி பாலத்தின் மேல் என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பழைய பாலத்தை இடித்துப் புதுப் பாலம் கட்டியாயிற்று. மெட்ரோ வருவதற்கு முந்திய திருவொற்றியூர் நெடுஞ்சாலையும் அவரிடம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாலையின் பழைய முகம் தெரியாது.

நெகட்டிவ்களின் நிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. பழைய பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் மூக்கில் ஏறும் புளிப்பு வாடைதான் முதல் அறிகுறி. வாடை வந்துவிட்டால் சிதைவு வேகமெடுக்கும். ஒரு துண்டிலிருந்து எழும் ஆவி பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். பிலிம் சுருங்கி வளையும், படம் பதிந்த பூச்சு உரிந்து வரும். அதன்பிறகு எந்த நிபுணராலும் மீட்க முடியாது. கடற்காற்று வீசும் ராயபுரத்தில், ஓட்டுக்கூரைக்கு அடியில், பரண்மேல் நாற்பது கோடைகளைக் கழித்த பிலிம்கள் இவை. ஒரு டின்னில் வாடை வந்துவிட்டது. அதை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். எண்பதுகளின் நடுவில் கலர் வந்த பிறகு எடுத்தவற்றுக்கு வேறு ஆபத்து, சாயம் வெளுக்கிறது. அவர் பிரிண்ட் போட்டுவைத்திருக்கும் கொஞ்சம் கறுப்பு வெள்ளைப் படங்கள் மட்டும், ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ காகிதத்தில், இன்னும் திடமாக இருக்கின்றன. அந்தத் தொழிற்சாலையும் இப்போது இல்லை.

ஆகவே கண்காட்சிக்கு முன்பே செய்ய வேண்டியது ஸ்கேன். பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய் ஏதோ ஓர் அலுவலகத்தின் மூலையில் வைத்துவிட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். அவர் வீட்டிலேயோ, பக்கத்து நூலகத்திலேயோ, அவர் உடனிருக்க, முழுத் துண்டாக ஸ்கேன் செய்யுங்கள். தெருப்படத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அதன் தேதியையும் சேர்த்து வெட்டி எறிந்ததாகிவிடும்.

இங்கே சட்டம் ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆக ஒரே பிலிம் துண்டில் கல்யாணப் படங்கள் அந்தந்தக் குடும்பத்துக்குரியவை. தெருப்படங்களைப் பொறுத்தவரை, முதலாளியின் குடும்பத்தார் தங்களுக்கு உரிமை ஏதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்; அவை ஸ்டூடியோக்காரருடையவை. கல்யாணப் படம் எதையும் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் சுவரில் மாட்டக் கூடாது. தெருப்படத்தில் உள்ள எவரேனும், அல்லது அவர் பிள்ளைகள், இது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் அன்றே கழற்றிவிட வேண்டும். ஸ்டூடியோக்காரர் இதில் நம் எல்லோரையும்விடக் கறாரானவர். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் எடுத்த ஒரு படத்தை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. அங்கே அழுதுகொண்டிருந்தவரிடம் கேட்காமல் எடுத்தது, கேட்காமல் காட்ட மாட்டேன் என்கிறார். அவரைப் பாராட்டுவதாக நினைத்து அந்தப் படத்தை யாரும் வற்புறுத்தி வாங்க வேண்டாம்.

சமுதாய நலக்கூடம் ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் மக்கள் கூச்சமில்லாமல் நுழையும் பெரிய கட்டடம் அது ஒன்றுதான். செருப்பைக் கழற்றலாமா, சத்தமாகப் பேசலாமா, குழந்தையைத் தூக்கி வரலாமா என்று யோசிக்காமல் வருவார்கள். மண்டபம் மாடியில் இருக்கும் கூடங்களில் சாப்பாட்டுக் கூடத்தை எங்களுக்குத் தாருங்கள். பாட்டிகளால் படியேற முடியாது. பந்தி மேசைகள் அப்படியே இருக்கட்டும். மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆல்பங்களை அவற்றின் மேல்தான் விரித்துவைக்கப் போகிறோம். சுவரில் படங்கள், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கீழிறக்கி மாட்டிய படங்கள். பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம், காகிதத்தில் பிரிண்ட் போதும். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் காலி அட்டை. அதை எழுதப் போவது வருகிறவர்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல எழுத, பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளின் ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். நான் பள்ளி ஆசிரியை. இதைவிட நல்ல வரலாற்றுப் பாடத்தை என்னால் வகுப்பறையில் நடத்த முடியாது. தன் தெருவின் கிழவரிடம் ஒரு மாணவி, இது எந்த வருடம் தாத்தா, எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதிவந்தால், ஆதாரம் என்றால் என்ன என்பதை அவள் கற்றுவிட்டாள்.

நேரத்தையும் எங்கள் வேலைக்கு ஏற்ப வையுங்கள். காலை பத்திலிருந்து ஐந்துவரை என்று போட்டால் துறைமுகத் தொழிலாளியும் மீன் விற்பவரும் எம்.சி. ரோடு துணிக்கடையில் நிற்கும் பெண்ணும் வர முடியாது. மாலை நான்கிலிருந்து இரவு பத்துவரை, ஞாயிற்றுக்கிழமை முழுநாள். வாசலில் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்கும் நோட்டு வேண்டாம்.

ஆடி ஏன் என்பதற்கு மண்டபம் காலியாக இருப்பது ஒரு பாதிக் காரணம். ஆடியில் எங்கள் தெருக்களுக்கு ஊர் திரும்புகிறது. கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். கூழ் ஊற்றுவதற்கும் தீமிதிக்கும், செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள்கூடத் தங்கள் பழைய கோயிலைத் தேடி வரும். படத்தில் இருப்பவர்களில் பலர் இன்று வட சென்னையில் இல்லை. அவர்கள் இங்கே நிற்கும் மாதம் இதுதான். ஆடி முடிந்த சில நாட்களில் ஆகஸ்ட் 22, சென்னை தினம் வருகிறது. 1639-இல் ஒரு நிலப்பத்திரம் எழுதப்பட்டதை நகரம் முழுவதும் நினைவுகூரும்போது, பெயர் எழுதி முடித்த அட்டைகளோடு இந்தப் படங்களில் கொஞ்சத்தை ராயபுரம் அறிஞர் அண்ணா பூங்காவில் வைக்கலாம். ராபின்சன் பூங்கா என்ற பழைய பெயரோடு 1949 செப்டம்பரில் ஒரு பேரியக்கத்தின் தொடக்கக் கூட்டத்தைப் பார்த்த இடம் அது. அந்தக் கூட்டத்தில் மழையில் நனைந்து நின்றவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023-24 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் பணிகள் தொடங்கியபோது தொகை அதைவிடப் பல மடங்காகியிருந்தது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், குடிநீர்க் குழாய் எல்லாம் எங்களுக்கு வேண்டும். நீண்ட காலமாகக் காத்திருந்தோம். அவற்றிலிருந்து ஒரு ரூபாயைக் கூட இதற்குத் திருப்பச் சொல்லவில்லை. காலியாகக் கிடக்கும் கூடத்தின் மின்கட்டணம், பிரிண்ட் செலவு, ஸ்கேன் செலவு, ஸ்டூடியோக்காரருக்கு ஒரு கௌரவமான தொகை, இவ்வளவுதான். கடைசியில் சொன்னதை விட்டுவிட வேண்டாம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்பிவிடுவது நம் வழக்கம். அவருக்குப் பொன்னாடை வேண்டாம். படத்துக்குக் கூலி கொடுங்கள். அந்த நாளில் பிரிண்டுக்குச் சம்பளத்தில் பிடித்த காசுக்கு எதிராக, அவர் பெயருக்கு வரும் முதல் வரவாக அது இருக்கட்டும்.

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று கோப்பை ஒத்திவைக்க வேண்டாம். ஸ்கேன் வேலைக்கே சில மாதங்கள் பிடிக்கும். வாடை வந்த டின் அதுவரை காத்திருக்காது. மண்டலம் 4, மண்டலம் 5 அலுவலகங்களுக்கு இம்மடலின் படியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உங்கள் தரப்பில் ஒருவரை, புகைப்படம் தெரிந்தவராக இருந்தால் நல்லது, ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு அனுப்புங்கள். பகலில் அனுப்புங்கள், நெகட்டிவைக் காட்ட அவருக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை